கைக்குழந்தையோடு ராத்திரி ரயில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நம் ஊரில் பல குழந்தைகளின் முதல் நெடும்பயணம் இதுதான். திருநெல்வேலியிலோ கோவில்பட்டியிலோ ராத்திரி ரயில் ஏறி, விடிந்தபின் எழும்பூரில் இறங்குவார்கள். கூடவே தொட்டில் கம்பி, வெள்ளிக் கிண்ணம், லேகிய டப்பா, முறுக்கு டின், பெட்டிகள், கட்டைப்பைகள், வழியனுப்ப வந்த ஒரு பட்டாளம். இத்தனைக்கும் நடுவில் ஐந்தாறு கிலோவில் ஒரு சின்ன உயிர். அதைப் பெற்ற பச்சை உடம்புக்காரி ஒருத்தி.

பால், தூக்கம், காய்ந்த துணி, அம்மாவின் வாசனை. இந்த நாலும் கிடைத்துவிட்டால் மூன்று மாதக் குழந்தைக்கு வீடும் ஒன்றுதான், ரயிலும் ஒன்றுதான். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் கூட வருகிற பெரியவர்களால். ஆகவே கீழே உள்ள 'கூடாது'களில் முக்கால்வாசி நமக்கானவை.

நாள் குறிக்கும்போது

செய்ய வேண்டியவை:

- பஞ்சாங்கத்தைப் பார்க்கும் முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் சொல்கிற ஊசிகள் 6, 10, 14-ஆவது வாரங்களில் வருபவை. போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், தூக்கினாலே வீறிட்டு அழும். இரண்டரை மாத ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் கிளம்பினால், அடுத்த ஊசிக்குள் புது வீட்டில் பிள்ளை பழகிவிடும். அரசு சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். பிறந்த ஊரில் தொடங்கிய ஊசியைச் சென்னையில் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடரலாம். அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும்.

- டிக்கெட்டை முன்பதிவு தொடங்கும் அன்றே எடுங்கள். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னே எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதாவது மூன்றாம் மாதம் கிளம்ப வேண்டுமென்றால் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதுமே மனதுக்குள் தேதி இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காதவரை கட்டணம் இல்லை.

- நல்ல நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் ஒத்துவராவிட்டால் பரஸ்தானம் வையுங்கள். குழந்தையின் துணியில் ஒன்றையோ ஒரு சின்னப் பையையோ நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்வது. நம் முன்னோர் கண்டுபிடித்த அருமையான சமரசம் இது. பை நல்ல நேரத்தில் கிளம்பட்டும். பிள்ளை தூங்கி எழுந்து, வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பட்டும்.

செய்யக்கூடாதவை:

- ராகுகாலத்துக்கு முன்னே கிளம்ப வேண்டுமென்று, தூங்குகிற குழந்தையை எழுப்பி, மூன்று மணி நேரம் முன்னதாகவே பிளாட்பாரத்தில் கொண்டு உட்கார வைக்காதீர்கள். கொசு, புகை, அறிவிப்புச் சத்தம் எல்லாம் அங்கேதான்.

- முதல் நாற்பது நாளைக்குள், மருத்துவத் தேவை தவிர வேறு எதற்காகவும் நீண்ட பயணம் வேண்டாம். இதில் பாட்டி சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுச் சிக்கலுக்காகச் சிகிச்சை பெற்ற குழந்தை என்றால் நாற்பது நாள் கணக்கும் உதவாது; குழந்தை மருத்துவர் 'போகலாம்' என்று சொல்ல வேண்டும்.

- கிளம்புகிற அன்று எண்ணெய்க் குளியல் வேண்டாம். காலையிலேயே வெந்நீரில் துடைத்துவிட்டால் போதும். மூக்கில் எண்ணெய் ஊதுவது, சாம்பிராணிப் புகையைத் தலைக்குக் காட்டுவது என்றைக்குமே வேண்டாம். பயண நாளில் சளியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏற யார் விரும்புவார்கள்?

பெட்டி கட்டும்போது

குழந்தைக்கு என்று இரண்டு பைகள் தேவை. ஒன்று பெரியது, ஒன்று கைப்பை. இரவில் பெரிய பையைத் திறக்கவே கூடாது என்பதுதான் குறிக்கோள். கைப்பையில் என்ன என்று கேட்டால்: ஆறேழு டயப்பர், மெத்தென்ற பழைய வேட்டித் துணிகள், இரண்டு மாற்று உடுப்பு, ஒரு ரப்பர் ஷீட், தொப்பி, காலுறை, தடுப்பூசி அட்டை, டாக்டர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் சொட்டு மருந்து, தெர்மாமீட்டர், பழைய செய்தித்தாள், நாலைந்து பிளாஸ்டிக் கவர். அம்மாவுக்கு ஒரு மாற்று ஜாக்கெட் அல்லது சுடிதார் டாப். இதை எல்லோருமே மறப்பார்கள். பால் கக்கி நனைந்த ஜாக்கெட்டோடு செங்கல்பட்டு வரை உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

பவுடர் டப்பாவை விட்டுவிடுங்கள். குழந்தை அதை மூச்சில் இழுக்கும். வசம்பு வளையலைக் கையில் போட்டே ஆக வேண்டுமென்றால் இறுக்கமாக இல்லாமல், வாயில் வைத்தால் பிய்ந்து வராத மாதிரி கோர்த்ததாகப் போடுங்கள். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலோ உள்ளங்காலிலோ இருக்கட்டும். கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது.

தொட்டில் கம்பியையும் சீர் சாமான்களையும் பார்சலில் முன்னரே அனுப்பிவிடுங்கள். பிள்ளையைத் தூக்க இரண்டு கை வேண்டும். பெட்டியைத் தூக்க வேறு இரண்டு கை வேண்டும். கூட வருவது இரண்டே பேர் என்றால் கணக்கு அவ்வளவுதான்.

ரயிலில்

முதலில் எந்த வகுப்பு என்பதைப் பேசிவிடலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் இரவு பத்து மணிக்கு நடு பெர்த் விரிந்துவிட்டால், கீழ் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. ராத்திரியில் இரண்டு மூன்று முறை பால் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று டிக்கெட் எடுக்கிற ஆண்களுக்குத் தோன்றுவதில்லை. கழுத்தைக் கோணிக்கொண்டு, தலை மேலே இடிக்க, ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் கொடுக்க வேண்டும். ஸ்லீப்பரில் சைடு லோயர் என்றால் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போவார்கள். இரண்டடுக்கு ஏசியில் நடு பெர்த் கிடையாது, திரையும் உண்டு. காசு கூடத்தான். கல்யாணத்துக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள், இந்த ஒரு ராத்திரிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

சென்னைக்கும் நெல்லைக்கும் 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஏறத்தாழ எட்டு மணி நேரம், பகல் பயணம், சுத்தம். ஆனால் முழுக்க நாற்காலிதான். சிசேரியன் தையலோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வருவது எல்லோராலும் ஆகாது. பிள்ளையையும் மடியிலேயே வைத்திருக்க வேண்டும். சுகப்பிரசவம் ஆகி உடம்பு தேறியவளுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்குப் படுத்துக்கொண்டு போகிற ரயிலே மேல்.

செய்ய வேண்டியவை:

- கீழ் பெர்த்தை எப்படியாவது தாய்க்கு வாங்குங்கள். மூத்த குடிமக்கள், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ரயில்வே கீழ் பெர்த் ஒதுக்கீடு வைத்திருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அந்தப் பட்டியலில் இருந்தவள், பிள்ளை கைக்கு வந்ததும் அதிலிருந்து விழுந்துவிடுகிறாள். கூட வருகிற பாட்டிக்குக் கீழ் பெர்த் கிடைத்தால் அது தாய்க்கு. இல்லையென்றால் டிடிஆரிடம் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

- பிள்ளையைச் சுவர் ஓரமாகப் படுக்க வையுங்கள். அம்மா வெளிப்பக்கம். அசந்து தூங்கும்போது பிள்ளை மேல் புரண்டுவிடுகிற ஆபத்து உண்டு. குறுகலான பெர்த்தில் அது அதிகம். அதனால் பெரியவர்கள் முறைவைத்து விழித்திருப்பது நல்லது. 2022-ல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கை ஒன்றைச் சோதனையாகப் பொருத்தினார்கள். நம் ரயில்களுக்கு அப்படி ஒன்று வந்தால் பாதிக் கவலை தீரும். அதுவரை விழிப்பு ஒன்றுதான் வழி.

- பால் கொடுத்தபின் நிமிர்த்தித் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். படுத்துக்கொண்டே கொடுத்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஓடுகிற ரயிலின் ஆட்டத்தில், ஏப்பம் விடாத வயிறு அப்படியே கக்கிவிடும்.

- தாய் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறைக்குப் போகச் சங்கடப்பட்டுக்கொண்டு தொண்டை வறள வருகிற பெண்கள் நிறைய. பால் சுரக்க வேண்டும், தையல் ஆற வேண்டும், மலச்சிக்கல் வராமல் இருக்க வேண்டும். ஒரு பாட்டில் வெந்நீர், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லி. பிள்ளையை வாங்கிக்கொண்டு 'நீ போய்விட்டு வா' என்று இரண்டு மணிக்கு ஒருமுறை யாராவது சொல்ல வேண்டும்.

- தாம்பரம் பக்கம் வீடு என்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள். ஆனால் அங்கே ரயில் நிற்பது கொஞ்ச நேரம். செங்கல்பட்டு தாண்டியதுமே டயப்பர் மாற்றி, தொப்பி போட்டு, பெட்டிகளை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துவிட வேண்டும். முதலில் சாமானோடு ஒருவர், அப்புறம் பிள்ளையோடு தாய், கடைசியில் பெர்த்தைச் சரிபார்த்துவிட்டு இன்னொருவர்.

செய்யக்கூடாதவை:

- ஏசிப் பெட்டியில் தரும் கம்பளியைப் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள். கம்பளிகள் மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகின்றன என்று 2024-ல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் போர்த்தியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நூல் புடவையை நாலாக மடித்தால் போதும். முகத்தை மூடாமல் மார்புவரை.

- நடு பெர்த்தில் புடவையைக் கட்டித் தூளி போடாதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ரயிலே தாலாட்டும், பிள்ளையும் அயர்ந்து தூங்கும். மேலிருந்து ஒருவர் ராத்திரி இறங்கும்போது கால் எங்கே படும் என்று சொல்ல முடியாது. திடீரென்று பிரேக் போட்டாலும் தூளி போய்க் கம்பியில் மோதும்.

- டீக்காரரிடம் பாலோ வெந்நீரோ வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, அக்னி நட்சத்திரத்திலும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. பவுடர் பால் கொடுப்பவர்கள் பவுடரைத் தனியாக அளந்து வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய வெந்நீரை பிளாஸ்கில் எடுத்துவந்து, அவ்வப்போது கலக்க வேண்டும். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாலாடையில் புகட்டுவதானால் ரயில் நிற்கிற நேரம் பார்த்துப் புகட்டுங்கள்.

- டயப்பரைக் கழிவறைக்குள் போடாதீர்கள், ஜன்னல் வழியாகவும் வீசாதீர்கள். இப்போது ரயில்களில் இருப்பது பயோ டாய்லெட். ஒரு டயப்பர் போய் அடைத்தால் விழுப்புரம் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. பழைய செய்தித்தாள் எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான்.

- பிள்ளை அழுதால் உடனே பால், மறுபடி பால் என்று தாயிடம் நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பாதி நேரம் அது வெக்கைக்கும் வெளிச்சத்துக்கும் அழுகிறது.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காட்சி. மதுரை தாண்டி விளக்கெல்லாம் அணைத்தாகிவிட்டது. லுங்கி கட்டிய ஓர் இளைஞர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை நடந்துகொண்டிருந்தார். தாலாட்டு தெரியாது போலிருக்கிறது. தாங்கள் தாண்டி வந்த ஊர்களின் பெயர்களையே ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்: கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம். மறுபடியும் கோவில்பட்டி. பிள்ளை கண் சொக்கியதும் அவர் நின்றார். சைடு லோயரில் படுத்திருந்த ஆச்சி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இன்னும் ரெண்டு நடை நட தம்பி. இப்பம் கீழ போட்டியன்னா முழிச்சிக்கிடும்." அவரும் நடந்தார். பிள்ளையின் அம்மா அன்றைக்குத் திண்டுக்கல் போனது தெரியாமல் தூங்கினாள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குக் கிடைக்கிற லாபமும் இதே பெட்டியில்தான் இருக்கிறது. மூன்று மாதத்தில் பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரியும். அது மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கும், எதிரே உட்கார்ந்திருக்கிற கடுகடுப்பான மனிதரைப் பார்த்தும் சிரிக்கும். அவர் ஐந்து நிமிடத்தில் செல்போனைக் கீழே வைத்துவிட்டு நாக்கைச் சொடுக்க ஆரம்பிப்பார். எந்த ஊர், எத்தனை மாதம், என்ன பேர், யார் சாடை என்று விசாரணை நடக்கும். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத எட்டுப் பேரும் சாத்தூர் வருவதற்குள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இதற்கு மட்டும் எந்த வகுப்பிலும் தனிக் கட்டணம் இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'கொஞ்சம் குடும்மா' என்று கை நீட்டுகிறவர்கள் எல்லோரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முகத்தில் முத்தம் கொடுக்கவும் விடாதீர்கள். பெரியவர்களின் சாதாரணச் சளியே இந்த வயதுக்குப் பெரிய நோய். மறுப்பது கஷ்டமாக இருந்தால், 'இப்பதான் பால் குடிச்சான், தூக்குனா கக்கிடுவான்' என்று சொல்லுங்கள். நீட்டிய கை தானாக மடங்கும்.

உடம்புக்கு ஏதாவது என்றால்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அது மருத்துவமனைக் காய்ச்சல். சொட்டு மருந்து கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சுணங்கிக் கிடப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருப்பது, வெகு நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவையும் அப்படித்தான். ரயிலில் 139-ஐ அழையுங்கள், டிடிஆரிடம் சொல்லுங்கள். அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாம். சாலையில் என்றால் 108.

கூடவே கூடாத ஒன்று: ரயிலில் பேசாமல் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பது. அரைப் பாலாடை கொடுத்தால் விடியும்வரை அசையாது என்று யோசனை சொல்லும் ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. குளோர்பெனிரமினும் பெனிலெஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று பாட்டில் மேலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. உத்தரவு வந்தும் அந்த யோசனை இன்னும் சொல்லப்படுகிறது. வசம்பு உரசி ஊற்றுவதும் கிரைப் வாட்டரும் வேண்டாம்.

சாலையில்

- காரில் போனால் தாயும் பிள்ளையும் பின் சீட்டில். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவது பெரிய ஆபத்து. மோதினால் ஏர்பேக் பாய்ந்து வருவது பிள்ளையின் மேல்தான். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு. இரவல் வாங்கியாவது பொருத்துங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. நம் சாலைகளில் அதை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

- இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பால் கொடுப்பது வண்டி நின்றபின். நம் நெடுஞ்சாலை மோட்டல்களில் பால் கொடுக்க இடம் தேடுவது வீண் வேலை. ஜன்னலில் துண்டு போட்டு மறைத்துக் காருக்குள்ளேயே கொடுப்பது உத்தமம். பிள்ளையை மட்டும் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள், ஏசி ஓடினாலும்.

- அரசு பஸ்ஸில் ஐந்து வயதுவரை டிக்கெட் இல்லை, 2022-லிருந்து. கடைசி வரிசையும் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டும் வேண்டாம். தலை நிற்காத குழந்தைக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு தண்டனை. நடுவில், படிக்கட்டுக்கு நேராக இல்லாத இடமாகக் கேட்டு வாங்குங்கள். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-ல் திறக்கப்பட்டன. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அவை திறந்திருக்கும்.

- டூவீலர் வேண்டவே வேண்டாம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை ஹெல்மெட், நான்கு வயதுவரை பாதுகாப்புப் பட்டை, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத் தலையில் ஹெல்மெட்டை மாட்ட முடியாது. பெட்ரோல் பங்குவரைதானே, தெருமுனைவரைதானே என்கிற பேச்சும் வேண்டாம்.

விமானத்தில்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில்தான். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். வெளிநாடு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், அதில் இறங்கும்போதுதான் வலி கூடுதல். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அப்போது பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது சரியாகும். ஆகவே அதற்கு முன்னால் வயிறு முட்டக் கொடுத்துவிடாதீர்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் குழந்தைத் தொட்டில் உள்ள முன்வரிசை இருக்கையை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

மலைக்கும் குலதெய்வத்துக்கும்

மலைப்பாதையைத் தள்ளிப்போடுங்கள். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. பெரியவர்களே கவரைத் தேடும் இடத்தில் கைக்குழந்தைக்கு என்ன வேலை? போயே தீர வேண்டுமென்றால் மெதுவாக ஏறுங்கள். காது அடைப்புக்கு விமானத்தில் சொன்னதே வைத்தியம்.

குலதெய்வம் கோயில் வேறு. அதைத் தள்ளிப்போடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் எனக்கு மனமில்லை. ஊரே கூடி, வேப்பமரத்தடியில் புடவைத் தூளி கட்டி, மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்துக் காது குத்துகிற நாள் அது. இங்கே தூளி கட்டலாம். நல்ல கிளையாக, தாழ்வாக, பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்கும்படி. மொட்டைக்குப் புது பிளேடைக் கடையில் வாங்கி, உங்கள் கண்முன்னே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. சந்தனம் பூசிய தலையை உச்சி வெயிலில் காட்டாமல் நிழலில் வைத்திருங்கள். கிடா வெட்டுகிற இடத்திலிருந்தும் வேட்டுச் சத்தத்திலிருந்தும் பிள்ளையைத் தள்ளி வையுங்கள். கூடியிருக்கும் சொந்தக்காரப் பெரியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தடவை பிள்ளையைக் கைமாற்ற வேண்டிய முறை இருக்கும். அதைக் காலையிலேயே முடித்துவிட்டு, மத்தியானம் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிடுங்கள்.

வீட்டு ஆட்களுக்கு

அப்பாவுக்கு: டயப்பர் மாற்றவும் ஏப்பம் விடவைக்கவும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். ஓடுகிற ரயிலில் முதல் பாடம் படிக்க முடியாது. பெட்டிகளை எண்ணுவது மட்டுமே உங்கள் வேலை என்று நினைக்காதீர்கள்.

மாமியாருக்கு: வாசலில் ஆரத்தி சுற்றி வரவேற்றபின், பேரப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு மருமகளைத் தூங்க அனுப்புங்கள். பார்க்க வருகிற அக்கம்பக்கத்தாரை மறுநாள் வரச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க விழித்தவள், வந்தவர்களுக்கு முன்னால் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

வழியனுப்ப வருகிறவர்களுக்கு: பெட்டிக்குள் ஏறாதீர்கள். ஜன்னல் வழியாகக் கையாட்டினால் போதும்.

சக பயணிகளுக்கு: உங்கள் பெட்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினால், அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை ராத்திரி அழுதால் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள். அவள் பால் கொடுக்கும்போது உங்கள் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, சற்று நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.